இஞ்சி பியர் ஜாடியில் எட்சிங் திட்டுத் திட்டாக வந்திருக்கு, திருத்தலாமா?

வெள்ளவத்தை:
இஞ்சி பியர் புளிக்க வைக்கிற 10 லீற்றர் கண்ணாடி ஜாடி. லீற்றருக்கு ஒரு கோடு, முன்பக்கம் ஒரு இஞ்சிக் கிழங்குப் படம். வடிவம் வெட்டியெடுத்த வினைல் ஸ்டிக்கர் ஒட்டி, எட்சிங் கிறீமை (கண்ணாடியை அரிச்சு வெண்மையாக்கிற கிறீம்) தூரிகையால பூசி, 5 நிமிஷத்தில கழுவினேன். ஏசி ரூமில செய்தது. கோடுகள் பரவாயில்லை. படத்தில தூரிகைத் தடம் வரிவரியாத் தெரியுது, ஒரு மூலை வெறுங் கண்ணாடியாவே கிடக்கு, ஜாடியின் தோள் வளைவில ஓரம் கசிஞ்சிருக்கு. ஸ்டிக்கரை உரிச்சாச்சு. அடுத்ததா, மூடி போடுற போத்தல்களிலயும் இதே படத்தை வைரமுனை மெஷினால கீற யோசனை.

கொட்டாஞ்சேனை:
முதல்ல அந்தக் கடைசி யோசனையை விடுங்கோ. மூடின போத்தலுக்குள்ள காஸ் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். கீறின பள்ளத்தில இழுவிசை குவிஞ்சு, கண்ணாடி அங்கயிருந்துதான் வெடிக்கும். போத்தலுக்கு லேபல் ஒட்டினாப் போதும். ஜாடியில காஸ் வெளியே போக வழி இருக்கிறதால மேலோட்டமான கிறீம் வேலை பிரச்சினையில்லை, அதுவும் வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் சொரசொரப்பானா அழுக்கும் கிருமியும் தங்கும்.

வரி விழுந்தது மெல்லிசாப் பூசினதால. இந்தக் கிறீமைப் பூசக்கூடாது, குவிக்கவேணும்: கண்ணாடியே தெரியாதபடி 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரே மூச்சில. வெறும் மூலைக்குக் காரணம் பெரும்பாலும் விரல் எண்ணெய். சவர்க்காரத்தால கழுவி, காயவிட்டு, 70 சதவீத ஐசோபுறோப்பைல் அல்கஹோலால துடையுங்கோ. சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். குளிரில கிறீம் மந்தமா வேலை செய்யும், ஏசியை நிறுத்துங்கோ. டப்பாவில கற்கண்டு மாதிரி படிகம் இருந்தா, மூடியபடியே இளஞ்சூட்டுத் தண்ணியில வையுங்கோ. தோள் ரெண்டு பக்கமும் வளையிற இடம், வினைல் அங்க சுருங்கித் தூக்கத்தான் செய்யும். படத்தை நேரான சுவருக்கு இறக்கவேணும்.

வெள்ளவத்தை:
நன்றி அண்ணா. 20 நிமிஷம் விட்டா ஆழமாகுமா? பழைய தடத்துக்கு வழி?

கொட்டாஞ்சேனை:
ஆழமாகாது. கண்ணாடியைத் தொடுற கிறீம் சில நிமிஷத்திலயே தன் வேலையை முடிச்சிடும், பிறகு ஸ்டிக்கர் ஓரத்துக்குள்ள ஊருறதுதான் மிச்சம். டப்பாவில போட்டிருக்கிற நேரத்தையே பிடியுங்கோ.

அதே படத்தை அதே இடத்தில பொருத்த ஏலாது. தலைகீழாச் செய்யுங்கோ: பழைய திட்டு முழுக்க உள்ளடங்கிற பெரிய முட்டைவடிவம் ஒன்றை வெண்மையாக்கி, புதுப் படத்தை அதுக்குள்ள, திட்டில்லாத பக்கமாத் தள்ளி, தெளிந்த கண்ணாடியா விடுங்கோ. பழைய தடம் லேசாத் தெரியலாம், ஆனால் உறுத்தாது. வாகன ஸ்டிக்கர் வெட்டுற கடையில வடிவத்தைக் கொடுத்தா வெட்டித் தருவாங்கள். ஒட்டினதும் ஓரமெல்லாம் கரண்டியின் முதுகால அழுத்துங்கோ.

தெகிவளை:
தம்பி, கையுறை போட்டீங்களா? இந்தக் கிறீமில இருக்கிறது புளோரைட் உப்பு. தோலில பட்டா உடனே வலிக்காது, சில மணித்தியாலம் கழிச்சும் உள்ள இறங்கி வலி எடுக்கலாம். நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல், மூணும் கட்டாயம். பட்டா ஓடுற தண்ணியில உடனே கழுவி, கல்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கோ. கொழும்பு தேசிய வைத்தியசாலையில நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கு.

கழுவுறதும் பிளாஸ்டிக் பேசினில. பீங்கான் சிங்கில விழுந்தா அதன் பளபளப்பையும் அரிச்சிடும்.

கோடுகளையும் ஒருக்கா சரிபாருங்கோ. தராசில 1 கிலோ தண்ணி நிறுத்து ஊற்றி, கண்மட்டத்தில, நீர்மட்டத்தின் அடிவளைவு கோட்டைத் தொடுதா என்று பாருங்கோ. 30 பாகை சூட்டில பிழை அரை சதவீதம் அளவுதான் வரும்.

வெள்ளவத்தை:
கையுறை போட்டனான் அக்கா, கண்ணுக்குப் போடேல்லை. இனிப் போடுறன். கழுவினதும் படமே மறைஞ்ச மாதிரி இருந்தது, அது ஏன்?

கொட்டாஞ்சேனை:
சொரசொரப்புக்குள்ள தண்ணி நிரம்பினா வெளிச்சம் சிதறாது, அதால வெறுங் கண்ணாடி மாதிரித் தெரியும். ஸ்டிக்கரை உரிக்க முந்தி நல்லாத் துடைச்சுக் காயவிட்டுப் பாருங்கோ. திட்டு இருந்தா, ஸ்டிக்கர் இருக்கும்போதே ரெண்டாந்தரம் குவிக்கலாம்.