நரம்பு வழி ஆன்டிபயாடிக்: எதைப் பொறுத்துக்கொள்வது, எதை உடனே சொல்வது?

தென்காசி மகள் (கேள்வி)

என் அம்மாவுக்கு 62 வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. வலது கால் பெருவிரலில் வந்த புண் எலும்பு வரை இறங்கிவிட்டதால், ஆறு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இன்று பதினான்காம் நாள். வான்கோமைசின் நாளுக்கு இரண்டு முறையும் பிப்பராசிலின்-டாசோபாக்டம் மூன்று முறையும் ஏறுகின்றன.

முதல் நாள் வான்கோமைசின் ஏறத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும்; அம்மாவின் முகமும் கழுத்தும் மார்பின் மேற்பகுதியும் குங்குமம் பூசியதுபோலச் சிவந்து, தலை முழுவதும் தாங்க முடியாத அரிப்பு எடுத்தது. செவிலியர் உடனே டிரிப்ஸை நிறுத்தி, அரிப்புக்கு ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக விட்டபோது அது திரும்ப வரவில்லை. ஆனால் கோப்பின் முகப்பில் 'வான்கோமைசின் ஒவ்வாமை' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு, அதே மருந்தை இன்று வரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வாமை என்றால் எப்படித் தொடர்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கைகளில் நரம்பு கிடைக்காத நிலை வந்துவிட்டது. ஊசி குத்திய இடமெல்லாம் கயிறுபோல் தடித்து வலிக்கிறது. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வயிற்றுப்போக்குதான். மூன்று நாளாக ஒரு நாளைக்கு ஆறு, ஏழு முறை தண்ணீராகப் போகிறது; வாடை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது. வார்டில் கேட்டால், ஆன்டிபயாடிக் போட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும், தயிர் கொடுங்கள் என்கிறார்கள். நிறுத்துவதற்கு ஒரு மாத்திரையும் தந்தார்கள். அம்மாவோ காலையில் சுற்றுக்கு வரும் மருத்துவரிடம் வாயே திறப்பதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மருந்தை நிறுத்தினால் விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். இதற்கிடையில், கல்ச்சர் (புண்ணில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவைப் பார்த்து அமிகாசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்க்கலாம் என்று மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

இவற்றில் எது தாங்கிக்கொள்ள வேண்டியது, எது தாங்கக் கூடாதது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மருந்தறை விளக்கு

சகோதரி, நான் மருத்துவமனை மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். முதலில் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நாளைக் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கு ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ புதிதாகத் தண்ணீராகப் போனால், குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். நம் குடலில் இயல்பாக வாழும் நல்ல கிருமிகளை ஆன்டிபயாடிக் அழித்துவிடுவதால், காலியான இடத்தில் இது குடியேறி நச்சை உண்டாக்குகிறது. பிப்பராசிலின் போன்ற, பலவகைக் கிருமிகளையும் ஒன்றாக அடிக்கும் மருந்துகள் இதற்கு வழி திறந்துவிடுபவை. பரிசோதனை முடிவு வரும் முன் போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தால் அந்த நச்சு குடலுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். ஆகவே அந்த மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். வயிறு உப்புவது, கடுமையான வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் பணியில் இருக்கும் மருத்துவரை அந்த நேரமே அழையுங்கள்.

வான்கோமைசின்தான் ஏறுகிறதே, அது இந்தக் கிருமியைக் கொல்லாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இரத்தத்தில் ஏற்றும் வான்கோமைசின் குடலுக்குள் போய்ச் சேருவதில்லை. வாய்வழியாகக் கொடுக்கும் வான்கோமைசின் குடலைவிட்டு இரத்தத்துக்குப் போவதில்லை. மருந்து ஒன்றுதான் என்றாலும் போகும் வழியைப் பொறுத்து வேலை செய்யும் இடம் மாறிவிடுகிறது.

போக்கினால் உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வான்கோமைசினும் சிறுநீரகத்துக்குச் சுமை தரும் மருந்துதான். பிப்பராசிலின்-டாசோபாக்டத்துடன் சேரும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் உயர்வது அடிக்கடி காணப்படுவது. கடைசியாக எந்தத் தேதியில் கிரியேட்டினின் பார்த்தார்கள், வான்கோமைசின் இரத்தத்தில் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். மெட்ஃபார்மினும், லோசார்டான் வகை இரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துவந்தால், இந்த நாட்களில் அவற்றைத் தொடரலாமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளி என்பதற்காக ஓஆர்எஸ் கரைசலைத் தவிர்க்க வேண்டாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம். அத்துடன், ஆன்டிபயாடிக் என்றாலே கூடவே பான்டபிரசோல் எழுதுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மருந்துக்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பு இருக்கிறது. தேவையில்லையென்றால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் நாள் நேர்ந்ததைப் பொறுத்தவரை, அது வேகத்தினால் வந்தது. வான்கோமைசின் வேகமாக ஏறும்போது ஹிஸ்டமின் என்ற பொருளை உடலின் சில செல்கள் நேரடியாக வெளியேற்றுவதால் முகமும் கழுத்தும் சிவக்கின்றன. நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், அதாவது 1 கிராம் மருந்தை ஏறத்தாழ 100 நிமிடத்தில் ஏற்றினால், பெரும்பாலோருக்கு இது வராது. உண்மையான ஒவ்வாமையில் தோல் தடித்துத் திட்டுத்திட்டாக எழும்பும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இரைக்கும். வேகத்தைக் குறைத்தாலும் அதைத் தொடரக் கூடாது. கோப்பில் 'ஒவ்வாமை' என்று எழுதியதைத் திருத்தி, 'வேகமாக ஏற்றியபோது சிவப்பும் அரிப்பும். மெதுவாக ஏற்றியபோது இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு மை எழுத்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போய்விட்டால், இன்னொரு நாள் உயிர் காக்க இந்த மருந்து வேண்டியிருக்கும்போது யாரும் கொடுக்கத் துணிய மாட்டார்கள்.

நடை பழகுபவர்

அமிகாசின் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2016-ல் எனக்கு இதய வால்வில் தொற்று வந்து, பென்சிலினுடன் ஜென்டமைசினும் இரண்டு வாரம் ஏற்றினார்கள். அமிகாசினும் ஜென்டமைசினும் ஒரே குடும்பம். அந்த மருந்துதான் என் உயிரைக் காத்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பத்தாம் நாள் கழிவறைக்கு நடந்தபோது தரை படகுபோல் ஆடியது. பல நாள் படுத்திருந்த சோர்வு என்று நானே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நடக்கும்போது தெருவும் கடைப் பலகைகளும் மேலும் கீழும் துள்ளுகின்றன, நின்றால்தான் எழுத்தைப் படிக்க முடிகிறது, இருட்டில் சுவரைப் பிடிக்காமல் ஓரடிகூட வைக்க முடியவில்லை என்று. உட்காதில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் இரண்டு பக்கமும் அழிந்துவிட்டன, அவை மீண்டும் முளைப்பதில்லை என்று பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கினார்.

ஜென்டமைசின் பெரும்பாலும் சமநிலையையும், அமிகாசின் பெரும்பாலும் கேட்கும் திறனையும் தாக்கும் என்றார் அவர். கேட்கும் திறன் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளில் தொடங்குவதால், பேச்சு நன்றாகக் கேட்கும் வரை நோயாளிக்கே தெரியாதாம். மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் கழித்து வெளிப்படலாம். சிலரது குடும்பத்தில் தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் சிறிதளவு மருந்திலேயே செவி போய்விடும் என்பதால், உங்கள் பாட்டி, மாமா, சித்தி வழியில் ஊசிக்குப் பிறகு யாருக்காவது காது கேட்காமல் போனதா என்று அம்மாவிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிகாசின் அவசியம் என்று முடிவானால், தொடங்கும் முன் ஒரு செவித்திறன் பரிசோதனை எடுத்துவைக்கக் கேளுங்கள். காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம், படிக்கும்போது எழுத்து அசைவது என எது வந்தாலும் அடுத்த டோஸ் ஏறும் முன் சொல்ல வேண்டும்.

எனக்குச் சமநிலைப் பயிற்சி ஓரளவு கைகொடுத்தது. கண்ணும் கால் பாதமும் உட்காதின் வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டன. இன்று பகலில் தனியாக நடக்கிறேன். அந்தப் பத்தாம் நாளே வாய் திறந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அம்மாவிடம் என் கதையைச் சொல்லுங்கள்.

வார்டு எண் ஒன்பது

நான் செவிலியர். கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வான்கோமைசின் அமிலத்தன்மை உள்ள கரைசல். புறங்கையின் மெல்லிய நரம்புகள் அதை இரண்டு வாரம் தாங்குவதே அரிது. வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்தாலோ, வலித்தாலோ, வீங்கினாலோ, தேதி மீதியிருக்கிறதே என்று பாராமல் உடனே எடுக்கச் சொல்லுங்கள். இதற்காகச் செவிலியர் சலித்துக்கொண்டாலும் விட்டுவிடாதீர்கள். தடித்த இடத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். சர்க்கரை நோயாளிக்குச் சூடு தெரியாமல் போகலாம் என்பதால் முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

ஆறு வாரம் என்று முடிவான அன்றே பிக் லைன் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து. மேற்கையிலிருந்து இதயத்தின் அருகில் உள்ள பெரிய நரம்பு வரை செல்லும் மெல்லிய குழாய் அது. இப்போதும் கேட்கலாம். போட்ட பிறகு அந்தக் கை முழுவதும் வீங்கினால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். மருந்து ஏறத் தொடங்கியதும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குழாயிலேயே தொற்று இருக்கக்கூடும்.

வயிற்றுப்போக்கில் அந்தக் கிருமி உறுதியானால், கை தேய்க்கும் சானிட்டைசர் போதாது. அதன் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை. நீங்களும் அம்மாவும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

தென்காசி மகள்

மூவருக்கும் நன்றி. நீங்கள் எழுதிய அன்று மாலையே, தேதியும் நேரமும் போட்டு எத்தனை முறை போனது, எப்போது எந்த மருந்து ஏறியது என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் நேரில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, இதை என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று வருந்தினார். மலப் பரிசோதனையில் டிஃபிசில் நச்சு இருப்பது உறுதியானது. கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.5 ஆகியிருந்தது. பிப்பராசிலினையும் பான்டபிரசோலையும் நிறுத்திவிட்டார்கள். அமிகாசின் பேச்சையும் விட்டுவிட்டார்கள்.

வாய்வழி வான்கோமைசினுக்கு மருந்தறையில் கேப்சூல் இல்லாததால், ஊசிக்குப்பியில் வரும் மருந்தையே கரைத்து, 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நான்கு முறை பத்து நாள் குடிக்கத் தருகிறார்கள். நரம்பில் ஏற்றியபோது பேசாமல் இருந்த அம்மா, ஊசி மருந்தையா குடிக்கச் சொல்கிறீர்கள் என்று முதல் நாள் பிடிவாதமாக மறுத்தார். மருந்தறை விளக்கு ஐயா எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு குடித்தார். நான்காம் நாளில் போக்கு இரண்டு முறையாகக் குறைந்துவிட்டது. கோப்பின் முகப்பையும் திருத்தி எழுதினார்கள்.

எலும்பில் இருப்பது எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு கிருமி) மட்டும்தான் என்று கல்ச்சரில் வந்திருக்கிறது. சிறுநீரகத்தை நினைத்து, நரம்பு வழி மருந்தை நிறுத்திவிட்டு லினெசோலிட் மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார் மருத்துவர். மாத்திரை போதுமா? அம்மா கால் எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் இரவில் எடுக்கிறார். வேறு புதிதாக எதுவும் இல்லை.

மருந்தறை விளக்கு

மாத்திரை என்றால் வீரியம் குறைவு என்ற எண்ணம் வேண்டாம். எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், முதல் ஆறு வாரம் வாய்வழி மருந்து எடுத்தவர்களுக்கும் நரம்பு வழி எடுத்தவர்களுக்கும் பலன் ஒத்தே இருந்தது. கிருமிக்கும் மருந்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும், ஒரு வேளையும் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கடைசி வரியில் எழுதிய டுலாக்ஸெடினை, மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லினெசோலிடும் அதுவும் சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி உயர்ந்து, நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், காய்ச்சல் வரக்கூடும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டுலாக்ஸெடினை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம், அதற்கும் தொல்லைகள் உண்டு. எதை, எப்போது, எப்படி நிறுத்துவது, அல்லது எம்ஆர்எஸ்ஏவுக்கு வேறு மாத்திரை உண்டா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். லினெசோலிட்தான் என்றால் வாரம் ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டும்போது பிளேட்லெட் குறையும் வாய்ப்பு கூடும். பார்வை மங்கினாலோ, பாத எரிச்சல் கூடினாலோ அதையும் உங்கள் தாளில் எழுதுங்கள்; பழைய சர்க்கரை எரிச்சல்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

டிஃபிசில் போக்கு, மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் திரும்பக்கூடும். அப்போது ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த முறை நேர்ந்ததை முதலில் சொல்லுங்கள். நேர்ந்ததை, மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் நீங்களே தெரிவிக்கலாம்: 1800-180-3024, கட்டணமில்லா எண். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது.