பத்மினிக்கு சோலெக்ஸைச் சரிசெய்வதா, மாருதி கார்ப் மாட்டுவதா?

அஸ்தம்பட்டி பத்மினி:
வீட்டில் 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. டவுனுக்குள் ஓடிவிடுகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்காடு ரோட்டில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இருமல், கறுப்புப் புகை, அப்புறம் இழுவையே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வண்டியோடு வந்த சோலெக்ஸ்தான்; அதற்கு ரிப்பேர் கிட் போன வருடம்தான் மாற்றியது. மெக்கானிக், "சோலெக்ஸைக் கழற்றி வீசிட்டு மாருதி 800 கார்ப் மாட்டிடலாம் சார், தொல்லை விட்டுச்சு" என்கிறார். மாட்டலாமா?

கொண்டலாம்பட்டி 800:
தாராளமாக மாட்டுங்கள். என் பத்மினியில் அதுதான் இருக்கிறது, குடும்பத்தோடு மலைக்குப் போய்வருகிறேன். கீழே ஒரு அடாப்டர் பிளேட், ஆக்ஸிலேட்டர் லிங்க்குக்கு ஒரு பிராக்கெட், ஐடில் சொலினாய்டுக்கு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) சாவியிலிருந்து 12 வோல்ட் வயர், வேலை முடிந்தது. சோலெக்ஸுக்கு, பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் நீடில் வால்வு ஒழுங்கானதாகத் தேடியே பாதி ஆயுள் போய்விடும். கிட் மாற்றியும் தீரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கார் வைத்திருப்பது ஓட்டுவதற்கா, கொலு வைப்பதற்கா?

கோரிமேடு லேத்:
கிட் மாற்றினால் இது தீராது தம்பி. கிட்டில் பேக்கிங், நீடில் வால்வு, டயாஃப்ரம் வரும். தேய்வது த்ராட்டில் ஸ்பிண்டில் (பட்டர்ஃபிளை என்கிற காற்றுத் தட்டைத் திருப்பும் தண்டு), அது உட்காரும் பாடி ஓட்டை. ஸ்பிண்டில் முனையை விரலால் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால், வண்டியை ஐடிலில் விட்டு அந்த இடத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் வையுங்கள். ஐடிலிங் நிதானத்துக்கு வந்தால் காற்று இழுப்பது அங்கேதான். பாடி ஓட்டையை ரீமர் (துளையைக் கடைந்து சீராக்கும் கருவி) போட்டு கன்மெட்டல் புஷ் (உள்வளையம்) அடித்து, புது ஸ்பிண்டில் கடைந்து போட வேண்டும். சேலத்தில் லேத்துக்கா பஞ்சம்?

கறுப்புப் புகை வேறு சங்கதி. கார்புக்குள் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சந்தேகம் என்றால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரும். கனத்துப்போன ஃப்ளோட் நீடில் வால்வை மூடாது. வளைவில் சரிந்து திரும்பும்போது பெட்ரோல் கூடுதலாகவே இறங்கும்.

இன்னொன்று: யாராவது பைலட் ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) குண்டூசி விட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். விட்டால் துளை பெரிதாகிவிடும்.

காபித்தோட்டம்:
மேலேயே குடியிருப்பவன் என்ற உரிமையில் நுழைகிறேன். மலையில் காற்று குறைவு, அதனால்தான் புகை என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர், சேலம் 280 மீட்டருக்குப் பக்கம். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது, அதற்குக் கலவை ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆவது கிட்டத்தட்ட 6 சதவீதம்தான். ஏழெட்டு வளைவில் அதுவும் பாதிகூட வராது. கறுப்பாகப் புகைய அது பத்தாது.

இப்போது பங்கில் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். பழைய ஜெட்டில் அதை ஊற்றினால் கலவை 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு). ஆக மலை உச்சியில் உங்கள் சோலெக்ஸ் ஏறக்குறைய சரியான கணக்கில் ஓட வேண்டும்! லீன் தொந்தரவு வந்தால் கீழே சேலம் ஐந்து ரோட்டில்தான் வர வேண்டும்.

கொண்டலாம்பட்டி 800:
கணக்கு அழகாக இருக்கிறது சார். லேத்காரர் லேத் வேலைதான் சொல்வார் என்பதும் தெரிந்ததே. எனக்கு ஒரு பட்டறையில் புஷ் போட்டுத் தந்தார்கள். மலை இறங்கும்போது எஞ்சின் சூட்டில் பட்டர்ஃபிளை திறந்தபடியே பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதிக்கிறேன், எஞ்சின் அலறுகிறது. சாவியை அணைத்து ஓரங்கட்டினேன். அந்த வாரமே மாருதி கார்ப். தேய்ந்த ஸ்பிண்டில், ஓட்டை ஃப்ளோட், ஜெட்டில் எவன் என்ன செய்தானோ: இத்தனை சந்தேகத்தோடு ஒரு பழைய பாடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

கோரிமேடு லேத்:
அது புஷ்ஷின் குற்றமில்லை, போட்டவர் கை. இரண்டு பக்க புஷ்ஷையும் ஒரே ரீமரால் ஒரே நேர்கோட்டில் கடைய வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகச் செய்தால் ஸ்பிண்டில் முறுக்கிப் பிடிக்கும். பட்டர்ஃபிளை திருகை லூஸாக விட்டு, தட்டை மூடி மையத்தில் உட்கார வைத்த பிறகே முறுக்க வேண்டும். அப்புறம் திருகின் வாலைத் தட்டிப் பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கழன்று எஞ்சினுக்குள் போகும்.

உங்கள் மாருதி கார்புக்கு வருகிறேன். அது 796 சிசி, மூன்று சிலிண்டருக்கு ஜெட் கணக்கிட்டது. பத்மினி 1089 சிசி, நான்கு சிலிண்டர். ஜெட்டை மாற்றாமல் மாட்டினால் மூன்றாம் கியரில் மலை ஏற்றத்தில் லீனாக ஓடலாம், எஞ்சின் வால்வு சூட்டில் கருகலாம். நீங்கள் ஜெட் மாற்றினீர்களா?

கொண்டலாம்பட்டி 800:
இரண்டு பேரல் (காற்றுக் குழாய்) கார்ப் அது, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஜெட்டை ஒரு அளவு கூட்டித்தான் போட்டிருக்கிறேன். பிளக் பழுப்பாகத்தான் இருக்கிறது, லீன் ஆனால் வருகிற வெள்ளை இல்லை.

காபித்தோட்டம்:
அப்படியென்றால் அவர் ஒழுங்காகச் செய்தவர்தான். ஜெட் மாற்றாமல் வெறுமனே மாட்டிவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம், எச்சரிக்கை அதற்கு. எந்தக் கார்ப் போட்டாலும் பெட்ரோல் ஹோஸை மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் எத்தனாலுக்குத் தாங்காது, கரைந்து தூளாகி ஜெட்டில் வந்து உட்காரும்.

அஸ்தம்பட்டி பத்மினி:
ஆயில் சொட்டு வைத்தேன், ஐடிலிங் உடனே அடங்கியது. ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் கேட்கிறது. சனிக்கிழமை சோலெக்ஸைக் கழற்றிக்கொண்டு லேத்துக்குப் போகிறேன். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கொண்டலாம்பட்டி 800:
சரி, செய்யுங்கள். கடைசல் கூலி, ஃப்ளோட், ஹோஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது என்று இங்கேயே மறக்காமல் எழுதுங்கள். எனக்கு ஆனது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.