கொலம்பஸ் பெரிய நகரமா, பெரிய எல்லையா?

ஏரிக்கரையான்:
நேற்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இன்டெல் கட்டும் சிப் ஆலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொலாரிஸ்வாசி இப்படி எழுதியிருந்தார்: "மத்திய மேற்கில் சிகாகோவுக்கு அடுத்த பெரிய நகரம் கொலம்பஸ்தான். கிளீவ்லாந்து முடிந்துபோன கதை." படித்ததிலிருந்து கிளீவ்லாந்துக்காரனான எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் தனியாகவே எழுதுகிறேன்.

2020 கணக்கெடுப்பில் கொலம்பஸ் 9,05,748, கிளீவ்லாந்து 3,72,624. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கொலம்பஸின் பரப்பு ஏறக்குறைய 220 சதுர மைல். கிளீவ்லாந்து 78. கிட்டத்தட்ட மூன்று மடங்கு நிலத்தை வளைத்துப் போட்டுவிட்டு 'எங்களிடம் ஆள் அதிகம்' என்று மார்தட்டுவது என்ன நியாயம்? சதுர மைலுக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். எங்களிடம் 4,700-க்கு மேல். உங்களிடம் 4,100 சொச்சம். எழுபது வருடம் ஆட்களை இழந்த பிறகும் நாங்கள்தான் நெருக்கமான ஊர்.

பொலாரிஸ்வாசி:
சார், நீங்கள் 1950-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்போது கிளீவ்லாந்தில் 9,14,808 பேர். பரப்பு அன்றும் ஏறக்குறைய இதேதான். சதுர மைலுக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர் வாழ்ந்த ஊரில் இன்று 4,700. மீதிப் பேர் எங்கே போனார்கள்? நிலத்தை நாங்கள் வளைத்தோம், சரி. உங்கள் ஆட்களையும் நாங்களா வளைத்தோம்?

ஏரிக்கரையான்:
கேட்டது 220-க்கும் 78-க்கும் உள்ள வித்தியாசம். 1950-க்கு ஏன் ஓடுகிறீர்கள்? ஓடுவதானால் முழுசாக ஓடுங்கள். 1950-ல் கொலம்பஸ் 3,75,901. அதற்குப் பிறகு மேயர் சென்சன்ப்ரென்னர் வந்தார். தண்ணீரும் சாக்கடை இணைப்பும் வேண்டுமா, முதலில் ஊரோடு சேருங்கள் என்றார். தாகத்தில் இருந்தவன் கையெழுத்துப் போட்டான். உங்கள் வளர்ச்சியின் அடிவேர் அதுதான். நாங்கள் ஈரி ஏரித் தண்ணீரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் குழாய் போட்டுக் கொடுத்தோம். பதிலுக்கு யார் ஊரையும் கேட்கவில்லை.

பொலாரிஸ்வாசி:
கேட்காமல் விட்டது உங்கள் ஊர் செய்த தவறு. அதைத் தருமம் மாதிரி சொல்லாதீர்கள். தண்ணீரை வாங்கிக்கொண்டு புறநகர் வளர்ந்தது, வரிப்பணமும் அங்கேயே போனது, நகரம் காய்ந்தது. அந்தத் தவறைத்தான் கொலம்பஸ் செய்யவில்லை.

அப்புறம், கிளீவ்லாந்து யாரையும் சேர்த்துக்கொள்ளாத ஊரா? 1854-ல் ஒஹாயோ சிட்டி, 1910-ல் காலின்வுட், 1923-ல் வெஸ்ட் பார்க். நீங்கள் சேர்த்தால் வரலாறு, நாங்கள் சேர்த்தால் வளைப்பா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'நகரம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யலாம். மாநகர எல்லை என்றால் கொலம்பஸ்தான், பேச்சே இல்லை. மெட்ரோ, அதாவது நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்தது, என்றால் 2020-ல் சின்சினாட்டி 22.6 லட்சம், கொலம்பஸ் 21.4 லட்சம், கிளீவ்லாந்து 20.9 லட்சம். எல்லைக்கோட்டை விட்டுவிட்டு, கட்டிடங்கள் தொடர்ச்சியாக இருக்கும் பரப்பை மட்டும் பார்த்தால் கிளீவ்லாந்து 17.1 லட்சம், சின்சினாட்டி 16.9 லட்சம், கொலம்பஸ் 15.7 லட்சம். மூன்று அளவுகோல், மூன்று வெவ்வேறு முதலிடம். எந்த அளவுகோல் என்று சொல்லிவிட்டுப் பேசினால் சண்டையே இருக்காது.

சின்சி மீனா:
மெட்ரோவில் நாங்கள் முதல் என்று ஒருவர் எழுதிய பிறகும் இந்த இருவரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை பாருங்கள். ஒஹாயோ என்றாலே கொலம்பஸ், கிளீவ்லாந்துதானா? 2020-ல் சின்சினாட்டி 3,09,317. எங்கள் நகரத்தின் எண்ணிக்கை 1950-க்குப் பிறகு முதல் தடவையாக ஏறியது அந்தக் கணக்கெடுப்பில்தான். எங்கள் பரப்பும் 78 சதுர மைல்தான், ஏரிக்கரையான். நீங்கள் சுருங்குகிறீர்கள், நாங்கள் வளர்கிறோம். அப்படியென்றால் 78 என்பது காரணமே இல்லையே?

ஏரிக்கரையான்:
மேடம், உங்கள் மெட்ரோவில் கென்டக்கியும் இண்டியானாவும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் விமான நிலையமே கென்டக்கியில் இருக்கிறது. மூன்று மாநிலத்தைக் கூட்டி ஒஹாயோவில் முதலிடம் என்று சொல்வதும் கொலம்பஸ் கணக்கு மாதிரிதான். தயவுசெய்து குறுக்கே வராதீர்கள்.

கணக்குப்பிள்ளைக்கு: அளவுகோல் எல்லாம் பிறகு. பொலாரிஸ்வாசி பதில் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. கொலம்பஸின் 220-லிருந்து 78 சதுர மைலை மட்டும் வெட்டி எடுங்கள். அவர்களுடைய சராசரிப்படி 3,21,000 பேர்தான் தேறுவார்கள். கிளீவ்லாந்தைவிடக் குறைவு. மாறாக, கிளீவ்லாந்தோடு சுற்றியுள்ள புறநகர்களில் லேக்வுட், பார்மா, யூக்ளிட், கிளீவ்லாந்து ஹைட்ஸ், ஷேக்கர் ஹைட்ஸ் ஐந்தை மட்டும் சேருங்கள். 6,29,000 பேர். அப்போதும் பரப்பு 130 சதுர மைலைத் தாண்டாது. இன்னும் 90 சதுர மைல் கையில் இருக்கிறது. கூட்டிக்கொண்டே போகட்டுமா?

சின்சி மீனா:
குறுக்கே வரவில்லை. பொது இடத்தில் பேசுகிறேன். சின்சினாட்டியில் வேலை பார்ப்பவன் ஆற்றைத் தாண்டிக் கென்டக்கியின் கவிங்டனில் தூங்குகிறான். பாலத்தில் நடந்தே போகலாம். அவனைச் சின்சினாட்டி ஆள் இல்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? லேக்வுட்டை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு இருக்கும் அதே உரிமை எனக்கும் உண்டு.

பொலாரிஸ்வாசி:
78-ஐச் சராசரியால் பெருக்குவது ஒரு கணக்கா? கொலம்பஸின் ஓரங்களில் இன்னும் வயல் இருக்கிறது. பல்கலைக்கழகப் பகுதியிலும் ஷார்ட் நார்த்திலும் வந்து நடந்து பாருங்கள். நடுப்பகுதியை வெட்டினால் சராசரியைவிட மேலேதான் வரும். லேக்வுட்டையும் பார்மாவையும் சேர்ப்பது இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்கள் உங்களோடு சேர ஒப்புக்கொள்வார்களா? நூறு வருடமாக ஒப்புக்கொள்ளவில்லை. நடக்காத கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறாதீர்கள்.

எல்லைதானே உங்கள் குறை? எல்லையே மாறாத ஒன்றை எடுப்போம். கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. எங்கள் ஃப்ராங்க்ளின் கவுண்டி 2010-ல் 11,63,414. 2020-ல் 13,23,807. உங்கள் குயஹோகா கவுண்டி 12,80,122-லிருந்து 12,64,817-க்கு இறங்கியது. ஒரு அங்குல நிலம்கூட வளைக்காமல் பத்து வருடத்தில் 1,60,000 பேர் கூடியிருக்கிறார்கள். ஒஹாயோவிலேயே அதிக மக்கள் உள்ள கவுண்டி இன்று எங்களுடையது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏரிக்கரையான்:
ஃப்ராங்க்ளின் கவுண்டி 532 சதுர மைல். குயஹோகா 457. மறுபடியும் நிலம். 75 சதுர மைல் அதிகம் வைத்துக்கொண்டு 59,000 பேர் கூடுதல் என்று பெருமை. சதுர மைலுக்குப் பாருங்கள், குயஹோகா இன்றும் மேலே.

பொலாரிஸ்வாசி:
வளர்ச்சியைக் கேட்டால் பரப்பைச் சொல்கிறீர்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், இன்னொரு வீட்டில் ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். எந்த வீடு எத்தனை சதுர அடி என்பதா கேள்வி?

ஏரிக்கரையான்:
தம்பி, 78. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொலாரிஸ்வாசி:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு 41 வயது. கொலம்பஸில் 14 வருடம் இருந்திருக்கிறேன். இரண்டு குழந்தைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். வயதைக் காட்டி வாயை மூடவைக்கும் பழக்கத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையான்:
41 என்றால் எனக்குத் தம்பிதான். நான் 1989-ல் கிளீவ்லாந்து வந்தவன். வேலை பார்த்த ஆலை மூடியபோது என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் கொலம்பஸுக்கும் சார்லட்டுக்கும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. மனைவி அழுதாள், அப்போதும் போகவில்லை. அதனால்தான் 'முடிந்துபோன கதை' என்று ஒருவர் எழுதும்போது சும்மா கடந்து போக முடியவில்லை.

முடிந்துபோன ஊரில் பெயின்ட் கம்பெனி ஷெர்வின்-வில்லியம்ஸ் 36 மாடித் தலைமையகம் கட்டுமா? கீ டவரைவிட உயரமான கட்டிடம் ஒஹாயோவில் வேறு எங்கே இருக்கிறது? கிளீவ்லாந்து கிளினிக்குக்கு உலகம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காலியாகக் கிடந்த மே கம்பெனி கட்டிடமும் டெர்மினல் டவரின் மாடிகளும் இன்று குடியிருப்புகள். விமான நிலையத்துக்கு 1968-லேயே ரயில் விட்டோம், அமெரிக்காவிலேயே முதலில். கொலம்பஸில் 1979-க்குப் பிறகு ஒரு பயணிகள் ரயில் நின்றிருக்கிறதா? மாநிலத் தலைநகரம் வேறு!

டிட்ராய்ட் மாறன்:
புதிய கட்டிடம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1950-ல் 18.5 லட்சம் பேர் இருந்த எங்கள் ஊரில் 2020-ல் 6,39,111 பேர். நாங்கள் பட்டதை உங்களில் யாரும் படவில்லை. ஆனால் 2023 மதிப்பீட்டில் டிட்ராய்ட் ஏறியது, 1957-க்குப் பிறகு முதல் முறை. இடிந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்ட் வாங்கிச் சீரமைத்து 2024 ஜூனில் திறந்தது. திறந்த அன்று நான் அங்கே இருந்தேன். மனம் நிறைந்துவிட்டது. எண்ணிக்கை சரிந்த ஊர் முடிந்துபோன ஊர் இல்லை. ஏரிக்கரையான் சொல்வதில் அந்தப் பகுதி சரி.

பொலாரிஸ்வாசி:
மாறன், நாங்கள் ஒஹாயோ பற்றிப் பேசுகிறோம்.

ரயில் பற்றி: உங்கள் ஊருக்கு ஆம்ட்ராக் பயணிகள் ரயில் வருவது நடுராத்திரி தாண்டி. அதில் ஏறப் பிள்ளைகளோடு மூன்று மணிக்கு நிற்பவர் எத்தனை பேர்? கொலம்பஸில் 2024 நவம்பரில் விரைவுப் பேருந்துத் தடங்களுக்காக நாங்களே விற்பனை வரியைக் கூட்டி வாக்களித்திருக்கிறோம். அதே வருடம் பெரிய சாலைகளை ஒட்டி உயரமான குடியிருப்புகள் கட்ட மண்டல விதிகளையும் மாற்றினார்கள். ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் வந்த வேலை இது. வாடகை ஏறுவதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. அது வளர்கிற ஊரின் வலி.

அப்புறம், உங்கள் பிரவுன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி எங்கே போகிறது? ப்ரூக் பார்க் புறநகருக்கு. அது அந்த 78 சதுர மைலுக்கு வெளியே.

ஏரிக்கரையான்:
பிரவுன்ஸைத் தொடாதீர்கள். 1995-ல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்த நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. 1999-ல் திரும்ப வந்தது. கொலம்பஸிலிருந்து கொண்டுபோக ஒரு என்.எஃப்.எல். அணி இருந்திருந்தால்தானே அந்த வலி தெரியும்?

நீங்கள் ஊதிய இன்டெல்லையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில் 2,000 கோடி டாலர், 2025-ல் உற்பத்தி என்றார்கள். 2025 பிப்ரவரியில் 2030, 2031 என்று தள்ளிவிட்டார்கள். அந்த நிலம் கொலம்பஸிலும் இல்லை. லிக்கிங் கவுண்டி, நியூ ஆல்பனியோடு சேர்த்த நிலம். 220 சதுர மைலுக்குள்ளும் இல்லாததைக் கொலம்பஸ் வளர்ச்சி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
கவனித்தீர்களா? லேக்வுட் கிளீவ்லாந்தைச் சேர்ந்தது என்கிறீர்கள், நியூ ஆல்பனி கொலம்பஸைச் சேர்ந்ததில்லை என்கிறீர்கள். இதற்காகத்தான் அளவுகோலை முதலில் முடிவு செய்யச் சொன்னேன். 1970-ல் இண்டியானாபொலிஸும் கவுண்டியையும் நகரத்தையும் ஒன்றாக்கியது. 1960-ல் 4,76,258, 1970-ல் 7,44,624. செயின்ட் லூயிஸ் 1876-ல் கவுண்டியிலிருந்து பிரிந்து 62 சதுர மைலுக்குள் நின்றுவிட்டது. அதனால் அதன் எண்ணிக்கை 2020-ல் 3 லட்சம்தான். கோடு எங்கே விழுந்தது என்பதை வைத்து ஊரை அளக்க முடியாது.

ஏரிக்கரையான்:
அதைத்தான் நான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன். நன்றி. கோடு 220-ல் விழுந்தது, அதனால் 9 லட்சம்.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னது அது மட்டும் இல்லை. மெட்ரோவே பத்து வருடத்தில் கொலம்பஸில் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கிளீவ்லாந்தில் அரை சதவீதம்.

பொலாரிஸ்வாசி:
நன்றி. எனக்கு இது போதும்.

ஏரிக்கரையான்:
எதற்குப் போதும்? நான் கேட்டது வளர்ச்சி விகிதம் இல்லை. யார் பெரிய நகரம் என்பது. 1978-லிருந்து வருடா வருடம் தியாகராஜ ஆராதனை எங்கே நடக்கிறது? கிளீவ்லாந்தில். ஈஸ்டர் சமயத்தில் கொலம்பஸிலிருந்து எத்தனை குடும்பங்கள் 71-ஆம் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள்? அப்போது முடிந்துபோன ஊராகத் தெரியவில்லையா?

பொலாரிஸ்வாசி:
கச்சேரி கேட்க வருகிறோம். என் அம்மாவையே மூன்று தடவை அழைத்து வந்திருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்டுவது நன்றாக இல்லை. கச்சேரிக்கும் மக்கள்தொகைக்கும் என்ன சம்பந்தம்?

சின்சி மீனா:
சிகாகோவுக்கு அடுத்தது யார் என்று ஆரம்பித்து இருவரும் ஆராதனைக்கு வந்துவிட்டீர்கள். 78 சதுர மைலுக்குள்ளேயே சின்சினாட்டி எப்படி வளர்ந்தது என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

ஏரிக்கரையான்:
மேடம், உங்களுக்குப் பிறகு. பொலாரிஸ்வாசி, என் அம்மா இருந்தவரை அவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்தான். உங்கள் அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. 220-ல் 78-ஐ எடுங்கள். 3,21,000.

பொலாரிஸ்வாசி:
அது சராசரி என்று முன்பே சொன்னேன். கவுண்டிக் கணக்குக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். 1,60,000 பேர்.

ஏரிக்கரையான்:
532-க்கும் 457-க்கும் பதில் வரட்டும்.