குழு வேலையில் விலகி நிற்கும் தோழியிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். நான் முதலாம் ஆண்டு மாணவி. ஐந்து பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட்டில் ஒருத்தி மூன்று வாரமாகத் தன் பகுதியைத் தரவில்லை. போன வாரம் கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அது என் தவறு. அப்புறம் அவள் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

யார் எதை, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று தொடக்கத்தில் நாங்கள் எழுதி வைக்கவே இல்லை. கூட்டாக இழுக்கும்போது ஒவ்வொருவரின் உழைப்பும் குறைகிறது என்று ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-லேயே கயிறு இழுக்கும் சோதனைகளை வைத்து எழுதியிருக்கிறார். அதனால் அவளை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாமா? பேராசிரியரிடம் எப்போது சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இன்னும் 10 நாள்தான் இருக்கிறது.