அந்த விளம்பரம் பாத்தா அழுகை வருது, நான் எடுத்த வீடியோ ஏன் யாருக்கும் ஒட்டல?

பிடோக் மீனா:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல பிடோக் ரிசர்வாயர்ல சனிக்கிழமை காலையில நாங்க பதினாலு பதினஞ்சு பொம்பளைங்க சேர்ந்து நடப்போம், முடிஞ்சா கொஞ்சம் ஓடுவோம், முக்கால்வாசி பேரு நாப்பது அம்பது வயசு அக்காங்க. புதுசா ஆள் சேக்கணும்னு போன வாரம் போன்லயே ஒரு நிமிஷ வீடியோ எடுத்தேன். எல்லாரும் ஒரே கலர் டீசர்ட், சிரிச்சிக்கிட்டே ஓடுறாங்க, பின்னாடி நல்ல குத்துப்பாட்டு, கடைசியில நேரம், இடம். வாட்ஸ்அப் குரூப் அஞ்சாறுல போட்டேன். லைக் நெறைய வந்துச்சு, ஆள் ஒருத்தர் கூட வரல.

அன்னிக்கு ராத்திரி நைக்கியோட பழைய விளம்பரம் ஒண்ணு, 2012ல வந்தது, மறுபடி பாத்தேன். ஆளில்லாத ரோட்டுல குண்டா ஒரு பையன் தூரத்துலேந்து ஓடி வர்றான், அவ்ளோதான், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. விலை கூடின ஷூ வாங்குற ஆளே கெடையாது நான். அது எப்படி மனசுல போய் உக்காருது? இந்தத் தொழில்ல இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.

தஞ்சோங் பகார் சேகர்:
மீனாக்கா, நான் விளம்பரத்துக்கு எடிட்டிங் பண்றவன், பதினோரு வருஷமாச்சு. நீங்க சொன்ன அந்தப் பையனுக்கு அப்ப 12 வயசு, ஊரு அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல இருக்கற லண்டன். அந்த வருஷம் ஒலிம்பிக் நடந்தது இங்கிலாந்து லண்டன்ல, அதுக்கு ஸ்பான்சர் போட்டிக் கம்பெனி அடிடாஸ், அதனால நைக்கி ஒலிம்பிக் பேரையே எடுக்க முடியாது, அவங்க உலகத்துல லண்டன்னு பேரு இருக்கற மத்த ஊரையெல்லாம் தேடிப் போய் அங்க விளையாடுற சாதாரண ஆளுங்களை எடுத்தாங்க. கைய கட்டிப் போட்டதுனால பொறந்த ஐடியா அது.

இப்ப அதை எடிட்டர் கண்ணோட பாருங்க. ஒரே ஷாட். மொதல்ல ரோட்டுல ஒரு புள்ளி மாதிரி தெரியுது, யாருன்னே தெரியல, கொஞ்சம் கொஞ்சமா அது ஒரு பையன் ஆகுது, அப்புறம் அவன் படுற கஷ்டம் தெரியுது. நான் எடிட் பண்ணியிருந்தா பத்து எடத்துல வெட்டியிருப்பேன், வெட்டாம விட்டதுதான் அதோட உசுரு, ஏன்னா அவன் ஓடி வர்ற நேரம் முழுக்க நாமளும் கூடவே நிக்கணும். அவன் எங்கேயும் போய்ச் சேரல, ஜெயிக்கல, ஷூவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மிச்சத்த பாக்குறவங்க அவங்கவங்க வாழ்க்கையிலேந்து போட்டு ரொப்பிக்கிறாங்க, நீங்களும் அதத்தான் பண்ணீங்க.

1988ல நைக்கி 'ஜஸ்ட் டூ இட்'ங்கற வாசகத்த ஆரம்பிச்சப்பவும் இதே கதைதான், மொத விளம்பரத்துல வந்தது வால்ட் ஸ்டாக்னு 80 வயசுத் தாத்தா, சான்பிரான்சிஸ்கோ பாலத்துல சட்டை இல்லாம ஓடிக்கிட்டே தினம் 17 மைல் ஓடுறேன்னு சொல்லுவாரு. குளிர்ல பல்லு கிட்டிக்காதான்னு கேட்டா, பல்ல லாக்கர்ல கழட்டி வச்சிட்டுத்தான் வருவேன்பாரு. அவ்ளோதான் விளம்பரம். ஆனா அந்த மனுஷன மறக்க முடியுதா?

உங்க வீடியோல எல்லாரும் ஏற்கனவே சந்தோஷமா இருக்காங்க, ஏற்கனவே நல்லா ஓடுறாங்க. வீட்டுல உக்காந்து பாக்குற அக்கா 'இது எனக்கில்ல'ன்னு நெனச்சிருப்பாங்க.

ஈஷூன் வாத்தியார்:
சேகர் சொல்றது சரி. நான் பள்ளியில உடற்பயிற்சி (பிஈ) வாத்தியார், பிள்ளைங்கள ஓட வைக்கவும் கதைதான் சொல்லணும், ஆனா எந்தக் கதைங்கறதுல நெறைய தப்பு பண்ணியிருக்கேன். நம்ம சிங்கப்பூர் ஓட்டக்காரர் குணாளன் ஐயா 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல 100 மீட்டர் 10.38 வினாடில ஓடினாரு, அந்த தேசிய சாதனை 33 வருஷம் நின்னுச்சுன்னு சொன்னா பிள்ளைங்க கை தட்டுவாங்க, ஆனா மறுநாள் யாரும் கூடுதலா ஒரு ரவுண்டு ஓட மாட்டாங்க. ஏன்னா அதுல அவங்களுக்கு எடம் இல்ல.

நம்ம ஓட்டக்காரி சாந்தி பெரேரா கதை வேற மாதிரி வேலை செய்யுது. 2015ல இங்க நடந்த சீ கேம்ஸ்ல, அதான் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில, 200 மீட்டர் தங்கம், அப்புறம் அடுத்த சீ கேம்ஸ் தங்கத்துக்கு 2022 வரைக்கும் காத்திருந்தாங்க, 2023ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல தங்கம், தடகளத்துல சிங்கப்பூருக்கு 1974க்கு அப்புறம் அதான் மொத தங்கம். நான் இப்பல்லாம் ஹாங்சோவ கடைசியில ஒரு வரியில முடிச்சிட்டு அந்த நடு ஏழு வருஷத்தத்தான் பேசுறேன். போன தவணை ஒரு பொண்ணு வந்து 'சார், அந்த ஏழு வருஷமும் அவங்க தினம் டிரெயினிங் போனாங்களா'ன்னு கேட்டா. அந்தக் கேள்வி வந்தப்பதான் கதை உள்ள போயிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது.

செம்பவாங் செல்வி:
எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு, சொல்லிடறேன். 2019ல பொம்பளைங்க பெருசா கனவு காணணும்னு செரீனா வில்லியம்ஸ் குரல்ல நைக்கி ஒரு விளம்பரம் விட்டுச்சு, பாத்து சிலிர்த்துப் போனேன், எம் பொண்ணுக்கும் காட்டினேன். அதே வருஷம் மே மாசம் அமெரிக்க ஓட்டக்காரி அல்லிசன் ஃபெலிக்ஸ் பேப்பர்ல எழுதுறாங்க, குழந்தை பெத்துக்க முடிவு பண்ணின நேரத்துல அதே நைக்கி தனக்குப் பழைய ஒப்பந்தத்த விட 70 சதவீதம் கம்மியா பேசுச்சுன்னு. எத்தனை ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க அவங்க! அப்புறம் கம்பெனி விதிய மாத்துனாங்க, அது நடந்தது உண்மைதான், ஆனா அதுக்கு ஒருத்தி வெளிய வந்து பேச வேண்டியிருந்துச்சு. அல்லிசன் அவங்களே ஷூ கம்பெனி ஆரம்பிச்சு, டோக்கியோ ஒலிம்பிக்ல அந்த ஷூவப் போட்டுக்கிட்டுத்தான் 400 மீட்டர்ல வெண்கலம் வாங்கினாங்க.

அதனால மீனா, கதை சொல்லுங்க, ஆனா உங்க குழுவுல நெசமா நடக்கறத மட்டும் சொல்லுங்க. 'யார் வேணாலும் வரலாம்'னு போட்டா, மெதுவா நடக்கறவங்களுக்காக யாராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் கூட நடக்கணும்.

பிடோக் மீனா:
நடக்கறோம் செல்வி, எப்பவும் ஒருத்தர் கடைசியில இருப்போம். நீங்க எல்லாரும் எழுதினதப் படிச்சிட்டு நான் யோசிச்சது ஒரு அக்காவ. மொத வாரம் வந்தப்ப அவங்க எங்க கிட்டயே வரல, கார்பார்க் ஓரத்துல நின்னு போன்ல பேசுற மாதிரி இருபது நிமிஷம் நின்னாங்க, கால்ல ரப்பர் செருப்பு, தோள்ல வேலைக்குப் போற பை. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வந்திருக்காங்க. நான் பாத்துட்டு, வாங்க அக்கான்னு கூப்பிட்டேன், செருப்போட நடக்கலாமான்னு கேட்டாங்க. அன்னிக்கு அரை ரவுண்டு. இப்ப முழு ரவுண்டும் நடக்கறாங்க, இன்னும் அதே செருப்புதான்.

நேத்து போன் பண்ணி, உங்கள எடுக்கட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், மூஞ்சி வேணாம், கால மட்டும் எடு, கார்பார்க்லேந்து எடுன்னு அவங்களே சொன்னாங்க. பாட்டெல்லாம் போடப் போறதில்ல. சேகர், செருப்பு சத்தம் நல்லா கேக்கணும், என்கிட்ட ரெண்டு போன்தான் இருக்கு, என்ன பண்ணலாம்?

தஞ்சோங் பகார் சேகர்:
ஒரு போன்ல படம் எடுங்க, இன்னொன்ன ரெக்கார்டிங் போட்டு அக்கா பேன்ட் பாக்கெட்ல வச்சிடுங்க, காத்து சத்தம் கம்மியாகும். ஆரம்பத்துல ஒரு தடவ கை தட்டுங்க, அத வச்சு சத்தத்தையும் படத்தையும் சேத்துரலாம். காலையில ஏழுக்கு முன்னாடி எடுங்க, வெளிச்சம் மெதுவா வரும். எடுத்ததும் எனக்கு அனுப்புங்க அக்கா, நானே சேத்துத் தர்றேன், வெட்ட மாட்டேன்.