டாமி இம்மானுவேல் கச்சேரி: எதைக் கவனித்துக் கேட்பது?

கேள்வி:
டாமி இம்மானுவேலின் கச்சேரியை நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்கு விரைவில் அமையவிருக்கிறது. ஒலிப்பதிவுகளில் பேஸ் (அடித்தளமான தாழ்ந்த சுரங்கள்), தாளம், மெட்டு மூன்றையும் அவர் ஒருவரே ஒரே கிட்டாரில் வாசிப்பதைக் கேட்டு வியந்திருக்கிறேன். இக்கலை அவருக்கு எப்படிக் கைவந்தது என்பதையும், மேடையில் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன். முன்வரிசை இருக்கைக்கு முயல்வது பயன் தருமா?

பதில் 1:
அவருடைய இளமைக்காலத்திலேயே இதற்கு விடை இருப்பதாக நான் கருதுகிறேன். 1955ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மஸ்வெல்புரூக் என்ற ஊரில் பிறந்தார். நான்கு வயதில் தாயார் கையில் கிட்டாரைக் கொடுத்தார். அண்ணன் ஃபில் மெட்டை வாசிக்க, இவருக்குத் தாளக் கிட்டாரே பங்காக வாய்த்தது. ஆறு வயதிலேயே குடும்பக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அண்ணனுக்குத் தாளம் பிடித்த கை என்பதால்தான், இன்று தனியாக எவ்வளவு வேகமாக வாசித்தாலும் காலப்பிரமாணம் சிறிதும் குலைவதில்லை. இசைக்குறிப்புகளைப் படிக்க அவர் கற்றதில்லை என்பதும், அனைத்தும் செவிவழி வந்தவையே என்பதும் என்னை இன்றும் நெகிழச் செய்கின்றன.

சிறு வயதில் வானொலியில் அமெரிக்கக் கிட்டார் மேதை செட் அட்கின்ஸின் வாசிப்பைக் கேட்டதே பெரிய திருப்பம். பின்னாளில் அதே அட்கின்ஸுடன் சேர்ந்து 1997இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 1999இல் அட்கின்ஸ் மிகச் சிலருக்கே அளித்த ‘சர்டிஃபைடு கிட்டார் பிளேயர்’ என்ற பட்டமும் பெற்றார்.

பதில் 2:
வாழ்க்கையை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மேடையில் முதலில் வலக்கைக் கட்டைவிரலைக் கவனியுங்கள். அதில் தம்ப் பிக், அதாவது தந்தியை மீட்டுவதற்கான வளையம் போன்ற மீட்டி, மாட்டியிருப்பார். தடித்த தந்திகளில் பேஸ் சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே இருப்பார். உள்ளங்கையின் விளிம்பைப் பாலத்தின் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அருகே அத்தந்திகளின் மீது லேசாக அழுத்துவதால் பேஸ் ஒலி குறுகி, முரசொலிபோல் கேட்கும். மெல்லிய தந்திகளில் மெட்டை மற்ற விரல்கள் ஏற்கின்றன. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸிடமிருந்து அட்கின்ஸ் வழியாக வந்த முறை இது. பயில்பவருக்குக் கடினமானது வேகமன்று. மெட்டு எங்கே முன்னும் பின்னும் நகர்ந்தாலும் கட்டைவிரல் தன் நடையை விடாதிருப்பதே.

ஆகவே, முன்வரிசையைவிட, வலக்கை மறைவின்றித் தெரியும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பதில் 3:
பதில் 2 கூறியதில் ஒரு சிறு மாறுபாடு உண்டு. விரைவான உருப்படிகளுக்கே கைதட்டல் மிகுதியாகக் கிடைக்கிறது. கிட்டாரின் உடலையே தட்டியும் தேய்த்தும் தாளவாத்தியமாக்கும் பகுதியும் அப்படியே. ஆனால் அவருடைய மேதைமை மெதுவான பாடல்களில்தான் முழுமையாக வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. இடக்கை அழுத்திய கட்டிலிருந்து (கட்டு என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள ஃபிரெட்) 12 கட்டுகள் மேலே வலக்கை ஆள்காட்டி விரலின் நுனியால் தந்தியைத் தொட்டும் தொடாமலும் வைத்து, கட்டைவிரலால் மீட்டுவார். மணியோசை போன்ற ஹார்மோனிக் ஒலி எழும். அதனுடன் வேறொரு தந்தியின் இயல்பான சுரத்தை மாற்றி மாற்றிச் சேர்க்கும்போது, சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இறங்கும். அந்த இடத்தில் விரல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்குள் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கேளுங்கள்.