மறுமொழி: ‘ஓன் கோல்’ தமிழில் என்ன? (நாளை இரவு கெடு)

அன்பர்களே,

அயர்லாந்தின் மரபு ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து பற்றி அந்நாட்டின் மேயோ அணி ரசிகர் ஒருவர் எழுதிய கட்டுரையை எங்கள் விளையாட்டு மலருக்காக மொழிபெயர்க்கிறேன். 2016 இறுதியாட்டம், குரோக் பார்க் அரங்கில் டப்ளினும் மேயோவும். அன்றைய விதிப்படி கோலுக்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1. டப்ளின் 2-9 (2 கோல், 9 புள்ளி), மேயோ 0-15. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 15, சமன். டப்ளினின் அந்த இரண்டு கோலுமே மேயோ ஆட்டக்காரர்கள் மேல் பட்டு உள்ளே போனவை: ஒன்று கெவின் மெக்லாக்லின், இன்னொன்று கோல்ம் பாய்ல். இப்படிச் சொந்த வலைக்குள்ளேயே போட்டுக்கொள்வதுதான் ‘ஓன் கோல்’. மனிதர் பக்கத்துக்குப் பக்கம் அதையே சொல்லிப் புலம்புகிறார். ‘சேம்சைடு கோல்’ என்று போட்டேன், ஆசிரியர் அடித்துவிட்டார்.
– செ.

செ. அவர்களுக்கு,
தற்கோல். தன் + காப்பு தற்காப்பு ஆகும்போது இது ஆகாதா? அப்புறம், ‘கோல்’ ஆங்கிலம் என்று யார் சொன்னது? அங்கே நட்டு வைத்திருப்பதே இரண்டு கோல். செங்கோல், அளவுகோல், எழுதுகோல், துலாக்கோல்... குடி கோல் நோக்கி வாழும் என்றார் வள்ளுவர்.
– த.

த. ஐயா, மேயோக் குடிகள் அன்று முழுக்கக் கோல் நோக்கித்தான் இருந்தார்கள், ஒன்றும் விழவில்லையே! தற்கோலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதில் தற்கொலை என்றுதான் விழும். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் எஸ்கோபார் இப்படி ஒரு கோல் விட்டார். ஊர் திரும்பிய சில நாளில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாடையே வேண்டாம்.
– ம.

அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் என்போம். இந்த ஆட்டத்துக்கு அதுவும் சரிவராது, கால்பந்தும் சரிவராது. பந்தைக் கையில் பிடித்து நாலடி ஓடலாம். பிறகு தரையில் தட்ட வேணும், இல்லாவிட்டால் காலால் தட்டிக் கைக்கு எடுக்க வேணும். முதலில் தலைப்பைத் திருத்துங்கோ.
– சி.

சி., தலைப்பு அச்சுக்குப் போய்விட்டது. விடுங்கள்.
– செ.

‘தன் கோல்’ என்றால் தான் போட்ட கோல் என்றுதானே பொருள்? ஒருவன் தன் கோலைக் கொண்டாடினான் என்றால் எதிரணிக்குப் போட்டதைத்தான். இங்கே தன்னுடையது வலை மட்டும். அந்த எச் வடிவக் கம்பத்தில் கீழே மட்டும்தான் வலை இருக்கும், ஆகவே மேலே போகும் புள்ளியோடும் குழம்பாது. ‘தன்வலைக் கோல்’ எப்படி?
– வ.

தன்வலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளை சொந்த இணையதளம் என்று நினைப்பான்.
– த.

சேம்சைடுக்கு என்ன குறை? டீக்கடையில் கேளுங்கள், புரியாத ஆள் கிடையாது. சொந்தக் கட்சியையே ஒருவர் தாக்கிப் பேசினால் பத்திரிகைக்காரரும் அதைத்தான் எழுதுகிறார்.
– ரா.

ரா., அந்தக் கேலிதான் இடிக்கிறது. மழையில் வழுக்கிய பந்து. ரசிகருக்கு அந்த இருவர் மேல் கோபமே இல்லை. கடைசி நிமிடத்தில் மேயோவின் கிலியன் ஓகானர் சமன் செய்தபோது இவர் அழுதிருக்கிறார். அக்டோபர் 1 மறுஆட்டத்தில் 1-15, 1-14 என்று ஒரே புள்ளியில் போச்சு. 1951க்குப் பிறகு கோப்பையைக் காணாத ஊர் அது. அவர் வாயில் சேம்சைடை வைத்தால் கட்சிப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடுகிறார். சரி, வேறு வழியில்லை, ‘தன்வலைக் கோல்’ என்றே அனுப்புகிறேன்.
– செ.

அனுப்புங்கள், நானும் தடுக்கவில்லை. ஆனால் கோல் ஆங்கிலச் சொல் என்பது உங்கள் கட்சி. அப்படியானால் நடுவில் அந்த ‘க்’ எந்த விதிப்படி வந்தது?
– த.